எஸ்க்ரோ கடிதம் பார்த்து மூச்சு நின்றுவிட்டது: கவுண்டி சொத்து வரி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுமனை_கோபி | 9 பிப்ரவரி 2026

வணக்கம். டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) 2024 செப்டம்பரில் புது வீடு வாங்கினோம், 5,60,000 டாலருக்கு. கடன் தவணை, காப்பீடு, சொத்து வரி எல்லாம் ஒரே தொகையாக மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது; வரிக்கும் காப்பீட்டுக்கும் உரிய பங்கைக் கடன் நிறுவனம் எஸ்க்ரோ என்ற கணக்கில் சேர்த்துவைத்து நமக்காகக் கட்டும். ஒன்றரை வருடம் நிம்மதி.

நேற்றுக் கடன் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம். அடுத்த மாதத்திலிருந்து தவணை 1,304 டாலர் கூடுகிறதாம். கடன் வட்டி நிலையானதுதான், 30 வருடத்துக்கு மாறாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்புறம் எப்படிக் கூடும் என்று தொலைபேசியில் கேட்டால், "உங்கள் கவுண்டி வரியை ஏற்றிவிட்டது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

கவுண்டி ஒரே வருடத்தில் வரியை நான்கு மடங்கு ஏற்ற முடியுமா? 2024 பில் சுமார் 2,180 டாலர். 2025 பில் சுமார் 9,400. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை, வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதால்.

---

ஊர்க்குருவி | 9 பிப்ரவரி 2026

டெக்சாஸுக்கு நல்வரவு. வருமான வரி இல்லை என்று குதித்து வந்தவர்கள் எல்லோரும் வாங்கும் அடி இது. பேசாமல் கட்டிவிடுங்கள். எதிர்த்து மனு போட்டால், வரிக்காக வீட்டுக்குப் போட்டிருக்கும் மதிப்பை இன்னும் கூட்டிவிடுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை | 9 பிப்ரவரி 2026

கோபி, முதலில் தண்ணீர் குடியுங்கள். கவுண்டி எதையும் நான்கு மடங்கு ஏற்றவில்லை.

டெக்சாஸில் ஒரு சொத்தின் மதிப்பு அந்த வருடம் ஜனவரி 1 அன்று எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான். 2024 ஜனவரி 1 அன்று உங்கள் இடத்தில் வீடே இல்லை, வெறும் மண். 2024 பில்லில் "கட்டடம்" என்ற வரியைப் பாருங்கள், பூஜ்யமாக இருக்கும். அந்த 2,180 டாலர் மனைக்கான வரி மட்டும். 2025 ஜனவரி 1 அன்று வீடு நின்றுவிட்டது, முழு வீட்டுக்கும் பில் வந்தது.

கடன் நிறுவனம் என்ன செய்தது? மனை வரியைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 182 டாலர் உங்களிடம் பிடித்தது. வீடு கட்டி முடித்த பிறகு வரி எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். சில நிறுவனங்கள் முழு வீட்டுக்கும் மதிப்பிட்டுத்தான் எஸ்க்ரோ போடும். சிலவற்றுக்குத் தவணையைக் குறைவாகக் காட்டினால் வியாபாரம் சுலபம். உங்களுக்கு வாய்த்தது இரண்டாம் வகை.

இப்போது 1,304 எப்படி வந்தது என்று பாருங்கள். 2025க்காக அவர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய பற்றாக்குறை சுமார் 7,224. அதை 12 மாதத்தில் உங்களிடம் வசூலிக்கிறார்கள்: மாதம் 602. இனி வரும் வருடத்துக்கும் சரியான அளவில் பிடிக்க வேண்டும்: அது இன்னொரு 602. இரண்டு மாத வரி அளவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது: அதற்கு மாதம் 100. கூட்டிப் பாருங்கள்.

ஆக, இதில் பாதி பழைய பாக்கி. பன்னிரண்டு மாதம் கழிந்தால் 602 தானாக விழுந்துவிடும். கையில் பணம் இருந்தால் பற்றாக்குறையை மொத்தமாகக் கட்டிவிட்டு மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். கேட்டால் 24 மாதமாக நீட்டிக் கொடுப்பவர்களும் உண்டு.

---

மீனா_மெக்கின்னி | 9 பிப்ரவரி 2026

கணக்குப்பிள்ளை சார் சொன்னது சரி. ஆனால் கோபி, நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது நாமே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகைக்கு, விண்ணப்பம் போட்டீர்களா?

---

புதுமனை_கோபி | 9 பிப்ரவரி 2026

இல்லை அக்கா. வீடு வாங்கிய பிறகு நாலைந்து கடிதம் வந்தது. 50 டாலர், 95 டாலர் கொடுத்தால் பதிவு செய்து தருகிறோம் என்று. ஏமாற்று வேலை என்று கிழித்துப் போட்டுவிட்டேன். அதோடு நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு இல்லை. எனக்குக் கிடைக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.

---

மீனா_மெக்கின்னி | 10 பிப்ரவரி 2026

கடிதம் ஏமாற்றுதான், விலக்கு நிஜம். அதுதான் இதில் கொடுமை. ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே மதிப்பீட்டு மாவட்டத்தின் (சொத்துகளுக்கு மதிப்பு போடும் அமைப்பு) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

அலுவலக நண்பர் சொன்னது தவறு. விண்ணப்பத்தில் கேட்பது இரண்டுதான்: வீட்டின் சொந்தக்காரர் நீங்களா, அது நீங்கள் குடியிருக்கும் முதன்மை வீடா. குடியுரிமை கேட்பதில்லை. நாங்கள் எச்1பியில் இருந்தபோதே வாங்கினோம். ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், அது முக்கியம். பழைய அபார்ட்மெண்ட் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பள்ளி வரிக்கான, அதாவது சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்குக்கான, விலக்கு 2022இல் 40,000 டாலர். 2023 நவம்பர் வாக்கெடுப்பில் 1,00,000 ஆனது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆகி, 2025 வரிக்கே பொருந்தும் என்று வந்துவிட்டது. அதாவது பள்ளி வரி கணக்கிடும்போது உங்கள் வீடு 5,60,000 இல்லை, 4,20,000. பள்ளி விகிதம் நூறு டாலருக்கு 1.02 என்று வைத்தால் வருடம் 1,428 டாலர் மிச்சம். இதுபோக நகரமும் கவுண்டியும் தங்கள் பங்குக்கு 20 சதவீதம் வரை தனி விலக்கு தரலாம், ஊருக்கு ஊர் மாறும்.

விட்டுப்போன 2025க்கும் சேர்த்து இப்போது போடலாம். வரி தாமதமாகும் நாளிலிருந்து இரண்டு வருடம் வரை தாமத விண்ணப்பத்தை ஏற்பார்கள். விண்ணப்பத்தில் 2025க்கும் கட்டத்தில் டிக் அடியுங்கள்.

இன்னொரு லாபம் இதைவிடப் பெரியது. ஹோம்ஸ்டெட் கிடைத்த முதல் வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நீங்கள் 2025க்கே வாங்கிவிட்டால் அந்தக் கூரை 2026இலேயே உங்கள் தலைக்கு மேல் வந்துவிடும்.

---

கேட்டி_குமரன் | 10 பிப்ரவரி 2026

மொத்த விகிதம் உங்களுக்கு எவ்வளவு வருகிறது கோபி? 1.7 சதவீதத்துக்குக் கீழ் மாதிரி தெரிகிறது. நான் ஹியூஸ்டன் மேற்கே கேட்டி பக்கம். புதுக் குடியிருப்பு, நகர எல்லைக்கு வெளியே. எங்களுக்கு எம்.யு.டி. (நகராட்சி வசதி மாவட்டம்) என்று ஒன்று உண்டு. குடிநீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால் எல்லாம் போட பில்டர் பக்கம் செலவழித்ததைக் கடன் பத்திரம் விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை நம் வீட்டு வரியில் பல வருடம் வசூலிப்பார்கள். இந்தப் பக்கம் மொத்த விகிதம் 2.5க்கு மேல் போவது சாதாரணம். வீடு பார்க்கும்போது சமையலறைத் திண்ணைக் கல்லைத் தடவிப் பார்த்தோமே தவிர, இந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஆறுதல் என்னவென்றால், குடியிருப்பில் வீடுகள் நிறைய நிறையக் கடன் பலர் தலையில் பகிர்ந்து, எம்.யு.டி. விகிதம் வருடா வருடம் கொஞ்சம் இறங்குவது வழக்கம். நகர எல்லைக்குள் இருந்தாலும் சில இடங்களில் பி.ஐ.டி. (பொது மேம்பாட்டு மாவட்டம்) என்று தனித் தொகை உண்டு. புதிதாக வாங்குபவர்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் "இந்த மனைக்கு மொத்த வரி விகிதம் எவ்வளவு, எம்.யு.டி. அல்லது பி.ஐ.டி. உண்டா" என்று எழுத்தில் கேளுங்கள்.

---

புதுமனை_கோபி | 10 பிப்ரவரி 2026

பில்லை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். நூறு டாலருக்கு: பள்ளி 1.02, நகரம் 0.43, கவுண்டி 0.149, காலின் கல்லூரி 0.081. மொத்தம் 1.68. எம்.யு.டி. இல்லை.

"கவுண்டி வரி" என்று இவ்வளவு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். 9,400 டாலரில் கவுண்டிக்குப் போவது 834தான்! பள்ளிக்கு 5,700.

---

கணக்குப்பிள்ளை | 10 பிப்ரவரி 2026

அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கவுண்டி வரி அலுவலகம் ஒரு கல்லாப்பெட்டி. பல அமைப்புகளுக்காக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது. காருக்கு ஸ்டிக்கர் தரும் அதே அலுவலகம்தான்.

மூன்று பேர் மூன்று வேலை செய்கிறார்கள். மதிப்பு போடுவது மதிப்பீட்டு மாவட்டம், கவுண்டிக்கு ஒன்று. விகிதம் முடிவு செய்வது பள்ளி வாரியம், நகர மன்றம், ஆணையர் நீதிமன்றம் என்று அழைக்கப்படும் கவுண்டி ஆணையர் குழு, கல்லூரி வாரியம். பணம் வாங்குவது வரி அலுவலகம். மாநில அரசு சொத்து வரி போடவே கூடாது என்பது டெக்சாஸ் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஆனாலும் சொத்து வளம் மிகுந்த பள்ளி மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்கிறது. ராபின் ஹூட் என்று செல்லப் பெயர். ஆஸ்டின் பள்ளி மாவட்டம் இதில் கொடுத்துக் கொடுத்தே பேர்போனது.

---

சான்ஹோசே_சாரதா | 11 பிப்ரவரி 2026

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கலிஃபோர்னியாவில் 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவால் அடிப்படை விகிதம் 1 சதவீதம், மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்குப் போகும். கேட்க இனிமை. ஆனால் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதுகளில் வாங்கியவர், என்னைவிடப் பெரிய வீடு, நான் கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டுவதில்லை. ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி.

எங்களுக்கும் முதல் வருட அதிர்ச்சி உண்டு. பழைய மதிப்புக்கும் நாம் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் துணை பில் என்று தனியாக வரும். பெரும்பாலும் அது எஸ்க்ரோவுக்குப் போகாது, நம் வீட்டுத் தபால் பெட்டிக்குத்தான் வரும். விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டு அபராதம் கட்டினேன். கோபி கடிதம் கிழித்த கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

ஊர்க்குருவி | 11 பிப்ரவரி 2026

எல்லாம் சரி, மனு போட்டால் கூட்டிவிடுவார்கள் என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

மீனா_மெக்கின்னி | 11 பிப்ரவரி 2026

கூட்ட முடியாது அண்ணா. மதிப்பீட்டு மாவட்டம் அனுப்பும் அறிவிப்பில் போட்ட மதிப்பைவிட அதிகமாக, மனுவை விசாரிக்கும் மறுஆய்வுக் குழு தீர்மானிக்கக் கூடாது என்று 2019 சட்டத்திலேயே வந்துவிட்டது. மோசமான நிலையில் அதே எண் நிற்கும். அரை நாள் விடுப்பு நஷ்டம், அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக நானே போடுகிறேன். ஆறு முறை குறைந்தது, மூன்று முறை வெறுங்கை. கோபிக்கு ஏப்ரலில் அறிவிப்பு வரும், அதற்குள் தயாராகட்டும்.

கடைசி நாள் மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. இணையத்தில் போடலாம். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டையும் தேர்ந்தெடுங்கள்: "சந்தை மதிப்பைவிட அதிகம்", "மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை". இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் உங்கள் வீடு என்ன விலைக்குப் போகும் என்பது கேள்வியே இல்லை. உங்களைப் போன்ற வீடுகளுக்கு அவர்களே போட்ட மதிப்புகளைத் திரட்டி, பரப்பு, வயது, நீச்சல் குளம் ஆகியவற்றுக்குக் கூட்டிக் கழித்து, நடு எண்ணை எடுத்தால் உங்களுடையது அதற்கு மேல் இருக்கிறதா என்பதுதான். தரவு எல்லாம் அவர்கள் தளத்திலேயே கிடக்கிறது.

மனு போட்டவுடன் அவர்களுடைய ஆதாரத்தைக் கேட்டு எழுதுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்பாவது தர வேண்டும். அந்தப் பொட்டலத்தைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. என் வீட்டுக்கு ஒரு வருடம் ஒப்பிட்ட ஐந்து வீடுகளில் இரண்டு ஏரிக்கரையில் இருந்தவை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஏரி இல்லை, ஆறு தட நெடுஞ்சாலை. படம் எடுத்துக் கொண்டுபோனேன்.

முதலில் மதிப்பீட்டாளரோடு நேரடிப் பேச்சு. பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடியும். ஒத்துவராவிட்டால் மறுஆய்வுக் குழு, கால் மணி நேரம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள். "வரி கட்ட முடியவில்லை, குழந்தை படிப்பு" என்று ஆரம்பித்தால் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு எண்ணை அப்படியே வைத்துவிடுவார்கள். வரி அவர்கள் வேலை இல்லை. மதிப்பை மட்டும் பேசுங்கள்.

---

கேட்டி_குமரன் | 12 பிப்ரவரி 2026

இதற்கென்று நிறுவனங்கள் இருக்கின்றன. மிச்சப்படுவதில் கால் பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வார்கள். நான் கொடுத்துவிடுகிறேன், நேரம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் நாம் ரத்து செய்யும்வரை வருடா வருடம் செல்லும். ஒரு வருடம் நானே போடலாம் என்று பார்த்தால் அவர்கள் ஏற்கெனவே போட்டு, எனக்குத் தெரியாமல் சமரசமும் ஆகியிருந்தது.

---

கணக்குப்பிள்ளை | 12 பிப்ரவரி 2026

மனு யாருக்கு லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 சதவீதக் கூரைக்குக் கீழ் பல வருடம் இருப்பவர்களுக்கு அறிவிப்பில் இரண்டு எண் இருக்கும். சந்தை மதிப்பு 7,00,000, வரிக்குரிய மதிப்பு 5,20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். போராடிச் சந்தை மதிப்பை 6,50,000 ஆக்கினால் இந்த வருடம் ஒரு காசு குறையாது. வரி 5,20,000க்குத்தானே. குறைத்தேன் குறைத்தேன் என்று வாட்ஸ்அப்பில் போடுபவர்கள் பாதிப்பேர் இந்த ரகம். கோபிக்கு அப்படி இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும், குறைத்தால் நேராகப் பையில் விழும். இப்போது குறையும் எண்தான் அடுத்த வருடக் கூரைக்கு அடித்தளமும்.

ஒன்று மட்டும் எனக்கு ஆதங்கம். மே மாதம் மதிப்புக்காக ஆயிரக்கணக்கில் மனு போடுகிறோம். ஆகஸ்ட், செப்டம்பரில் நகரமும் பள்ளியும் விகிதம் முடிவு செய்யப் பொதுக் கூட்டம் போடும்போது நாற்காலிகள் காலி. மதிப்பு ஏறினாலும் போன வருட வருவாயே வரும்படி விகிதத்தை இறக்க முடியும், அந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. போன வருடம் எங்கள் நகர மன்றத்தில் பேசியது என்னையும் சேர்த்து நான்கு பேர். ஒருவர் நாய்ப் பூங்கா பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

---

ரவுண்ட்ராக்_ரமணி | 14 பிப்ரவரி 2026

இழையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி. 65 வயதுக்கு மேல் பள்ளி வரி உறைந்துவிடும் என்கிறார்கள். அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார். பத்திரத்தில் அவர் பெயரைச் சேர்த்தால் கிடைக்குமா?

---

கணக்குப்பிள்ளை | 14 பிப்ரவரி 2026

சட்டம் கேட்பது: 65 ஆன சொந்தக்காரர், அவர் குடியிருக்கும் முதன்மை வீடு. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்துபோகும் அப்பாவுக்குக் கும்பகோணமோ மதுரையோதான் முதன்மை வீடு. பத்திரத்தில் கை வைத்தால் கடன் நிறுவனம் கேள்வி கேட்கும், அன்பளிப்பு வரிப் படிவமும் சேர்ந்துகொள்ளும். வேண்டாம் ரமணி.

கிரீன் கார்டில் வந்து நிரந்தரமாக இருக்கும் பெற்றோர் சொந்தப் பெயரில் வீடு வாங்கினால் அது வேறு கதை. 1,40,000க்கு மேல் இன்னொரு 60,000 விலக்கு, பள்ளி வரிக்கு உச்சவரம்பு, இரண்டும் உண்டு.

இதோடு இன்னொன்று: ஹோம்ஸ்டெட் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போனால் விலக்கை நீங்களே எடுத்துவிடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் ஐந்து வருடம் பின்னோக்கி வசூலிப்பார்கள்.

---

புதுமனை_கோபி | 3 ஜூலை 2026

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், கதையை முடித்துவிடலாம் என்று.

பிப்ரவரியிலேயே உரிமத்தில் முகவரி மாற்றி ஹோம்ஸ்டெட் போட்டேன், 2025க்கும் சேர்த்து. ஆறு வாரத்தில் ஒப்புதல். மே மாதம் என் பெயருக்கே காசோலை வந்தது, 1,830 டாலர். அப்படியே எஸ்க்ரோவில் போட்டேன், கையில் இருந்த கொஞ்சத்தையும் சேர்த்து. மறுகணக்குப் போடச் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது. இப்போது கூடுதல் 1,304 இல்லை, 700க்குள் வந்துவிட்டது.

ஏப்ரலில் வந்த அறிவிப்பில் 5,85,000. வாங்கிய விலையைவிட அதிகம். டெக்சாஸில் விற்பனை விலை பொதுப் பதிவில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதனால் தெருவில் டிசம்பரில் குடிவந்த இரண்டு குடும்பங்களிடம் போய் நின்றேன். ஒருவர் ஆந்திராக்காரர், ஒருவர் திருநெல்வேலி. இருவரும் தயங்காமல் விலை இருந்த பக்கத்தைக் கொடுத்தார்கள், மற்றதை மறைத்து. அதே வரைபட வீடு, 5,25,000, 5,31,000. பில்டர் தளத்தில் அதே மாதிரி வீட்டுக்குப் போட்டிருந்த விலையையும் அச்செடுத்தேன்.

மதிப்பீட்டாளர் முதலில் 5,65,000 என்றார். மீனா அக்கா சொன்னபடி பிள்ளைகள் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை, தாள்களை நகர்த்தி வைத்தேன். 5,48,000இல் முடிந்தது. இந்த வருடம் சுமார் 600 டாலர் மிச்சம்.

---

மீனா_மெக்கின்னி | 3 ஜூலை 2026

குழுவுக்குப் போயிருந்தால் இன்னும் ஒரு பத்தாயிரம் இறங்கியிருக்கும் என்று என் கை துறுதுறுக்கிறது. பரவாயில்லை, முதல் வருடத்துக்கு அருமை. மனைவி பேசுகிறாரா?

---

புதுமனை_கோபி | 3 ஜூலை 2026

பேசுகிறார் அக்கா. காசோலை வந்த அன்றே.

அந்தத் திருநெல்வேலிக்காரர் இன்னும் ஹோம்ஸ்டெட் போடவில்லையாம். அவருக்கும் கடிதங்கள் வந்தன, அவரும் கிழித்துவிட்டார். இன்று சாயங்காலம் டீக்குக் கூப்பிட்டிருக்கிறேன். எஸ்க்ரோவில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கடன் பத்திரத்தைக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.